ஜெனரேட்டிவ் டிசைன்: நாலு லோடையும் ஒரே கேஸ்ல போடலாமா? (ஜிஇ பிராக்கெட் பயிற்சி)

#1 · நட்டுபோல்ட்டு

வணக்கம் மக்களே. ஃப்யூஷன்ங்கிற டிசைன் மென்பொருள்ல ஜெனரேட்டிவ் டிசைன் (லோடையும் பிடிமானத்தையும் கொடுத்தா மென்பொருளே வடிவம் தர்ற முறை) பழகிட்டு இருக்கேன். பயிற்சிக்கு 2013ல ஜிஇ நிறுவனமும் கிராப்கேட் தளமும் சேர்ந்து நடத்தின ஜெட் எஞ்சின் பிராக்கெட் போட்டிக் கணக்கை எடுத்துக்கிட்டேன். எஞ்சினைக் கையாளும்போது அதோட எடையைத் தாங்குற பிராக்கெட் அது. கீழே நாலு போல்ட், மேலே ரெண்டு காது, காதுகளுக்குக் குறுக்கே 19.05 மி.மீ. பின். பொருள் டைட்டானியம் கலவை.

லோட் நாலு கொடுத்திருக்காங்க. மூலத்துல பவுண்டு கணக்கு, நான் மாத்தி எழுதினது இது:

நேர் மேலே 35.6 கிலோநியூட்டன் (8,000 பவுண்டு)
கிடையா வெளிப்பக்கம் 37.8 கிலோநியூட்டன் (8,500 பவுண்டு)
செங்குத்துல இருந்து 42 டிகிரி சாய்வா 42.3 கிலோநியூட்டன் (9,500 பவுண்டு)
முறுக்கு 565 நியூட்டன் மீட்டர் (5,000 பவுண்டு அங்குலம்)

பிராக்கெட் நாலையும் தாங்கணும்தானே, அதனால நாலையும் ஒரே லோட் கேஸ்ல (ஒரே நேரத்துல வர்ற லோடுகளோட தொகுப்பு) போட்டு ஓட்டினேன். வந்த வடிவம் ஒரே பக்கமா சாய்ஞ்சு, கனமாவும் இருக்கு. நாலையும் ஒண்ணாப் போடுறது சரியா? போல்ட் ஓட்டைக்குக் கன்ஸ்ட்ரெயின்ட் (பிடிமானம்) ஃபிக்ஸ்டு வகையா கொடுக்கணுமா, பின் வகையா கொடுக்கணுமா? அடி முகம் முழுசையும் ஃபிக்ஸ் பண்ணலாமா?

#2 · மெஷ்மாமா

தம்பி, ஒரே கேஸ்ல போட்டா சால்வருக்கு (மென்பொருள்ல கணக்குப் போடுற பகுதிக்கு) நாலு லோடு தெரியாது. எல்லாத்தையும் கூட்டி வர்ற ஒரே ஒரு லோடுதான் தெரியும். கூட்டியே பார்த்துடலாம்.

சாய்வு லோடைப் பிரிச்சா மேல்நோக்கி 31.4, கிடையா 28.3 கிலோநியூட்டன். சாய்வை எந்தப் பக்கம் வெச்சீங்கன்னு சொல்லலை. கிடை லோடு போற பக்கமே வெச்சிருந்தா மொத்தம் மேல்நோக்கி 67.0, கிடையா 66.1. ரெண்டும் சேர்ந்து ஏறக்குறைய 45 டிகிரியில 94 கிலோநியூட்டன். கேட்ட லோடுலயே பெரியது 42.3தான். அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல ஒரு கற்பனை லோடுக்கு டிசைன் பண்ணச் சொல்லியிருக்கீங்க. கனமா வந்ததுக்கும் ஒரு பக்கம் சாய்ஞ்சதுக்கும் காரணம் இதுதான்.

எதிர்ப்பக்கம் வெச்சிருந்தா இன்னும் மோசம். கிடையில 37.8ல இருந்து 28.3 கழிஞ்சு 9.5தான் மிச்சம். மேல்நோக்கி அதே 67. கிட்டத்தட்ட நேர் மேலே இழுக்குற லோடு மாதிரி ஆகிடும். 37.8 கிடையா இழுக்கணும்னு போட்டியில கேட்டிருக்காங்க, உங்க சால்வர் அதுல கால்வாசியைத்தான் பார்த்திருக்கும். ரிசல்ட்ல பச்சையாத்தான் காட்டும், ஏன்னா நீங்க கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்.

நாலு லோட் கேஸ் தனித்தனியா போடுங்க. முதல் கேஸை முழுசா அமைச்சு, குளோன் பண்ணி, லோடை மட்டும் மாத்துங்க. கன்ஸ்ட்ரெயின்டும் கூடவே காப்பியாகி வரும்.

#3 · லேத்துப்பட்டறை

வடத்தை நாலு பக்கமும் நாலு பேர் இழுத்தா தேர் எங்க போகும், அந்தக் கதைதான் 😄

#4 · டூவீலர்_டிசைன்

> நாலு லோட் கேஸ் தனித்தனியா போடுங்க

இந்தப் போட்டிக்குச் சரி. ஆனா இதையே பொது விதியா எடுத்துட்டுப் போயிடாதீங்க நட்டுபோல்ட்டு.

நான் டூவீலர் பாகங்கள் பக்கம். முன் ஆக்சில் பிடிக்கிற பிராக்கெட்டை எடுத்துக்குங்க. பிரேக் பிடிச்சிக்கிட்டே பள்ளத்துல இறங்குவான். நம்ம ரோட்ல பள்ளத்தைப் பார்த்ததும்தானே பிரேக்கே பிடிக்கிறான்! பிரேக் விசையும் பள்ளத்துல அடிக்கிற விசையும் ஒரே நொடியில வருது. அதை ரெண்டு கேஸா பிரிச்சா ரெண்டுமே தனித்தனியா பாஸ் ஆகும், வண்டியில போட்டா முறியும். அதனால பள்ளம் தனியா ஒண்ணு, பிரேக் தனியா ஒண்ணு, ரெண்டும் சேர்ந்து மூணாவது ஒண்ணு.

#5 · மெஷ்மாமா

டூவீலர் சார் சொல்றதுதான் முழுமை. ஒரே நேரத்துல நடக்குமா நடக்காதா, அதுதான் கேள்வி. நடக்கும்னா ஒரே கேஸ், நடக்காதுன்னா தனி கேஸ். இதை மென்பொருளால சொல்ல முடியாது, பாகம் எங்க உட்காருதுன்னு தெரிஞ்சவங்கதான் சொல்லணும். ஜிஇ கணக்குல நாலும் தனித்தனி நிலைன்னு அவங்களே பிரிச்சுக் கொடுத்துட்டாங்க.

கேஸ் கூடினா ரன் நேரமும் கூடும். அதுக்குப் பயந்து கேஸைச் சுருக்காதீங்க. பழகுற கட்டத்துல ரெசல்யூஷனைக் குறைச்சு வெச்சு ஓட்டலாம்.

#6 · கொக்கிக்கம்பி

ரெண்டாவது, மூணாவது கேள்விக்கு வர்றேன். லோடை எல்லாரும் யோசிச்சுப் போடுறாங்க, கன்ஸ்ட்ரெயின்டை மட்டும் கண்ணை மூடிக்கிட்டு ஃபிக்ஸ்டுன்னு போட்டுடுறாங்க. வடிவத்தைக் கெடுக்குறதுல பாதி அங்கதான் நடக்குது.

ஃபிக்ஸ்டுன்னா அந்த முகத்துல எந்தப் புள்ளியும் எந்தத் திசையிலயும் அசையாது. அப்படி ஒரு பிடிமானம் எந்த மெஷின்லயும் கிடையாது. சில இடத்துல அந்தப் பொய் பரவாயில்லை, சில இடத்துல ஆளையே கவுத்துடும்.

உங்க பிராக்கெட்ல நாலு போல்ட் தள்ளித் தள்ளி இருக்கு. ஓட்டையில ஃபிக்ஸ்டு போட்டாலும் சரி, பின் போட்டு ரேடியலும் (ஆரத் திசை) ஆக்சியலும் (ஓட்டையோட நீளத் திசை) பூட்டி டேன்ஜென்ஷியலை (சுத்துற திசை) விட்டாலும் சரி, பெரிய வித்தியாசம் வராது. ஒரு ஓட்டை தன்னைச் சுத்திச் சுழலலாம்னு விட்டாலும் மத்த மூணும் பிராக்கெட்டைச் சுழல விடாது. அதோட போல்ட்டையும் பின்னையும் முடிவில்லாத விறைப்பு உள்ளதா எடுத்துக்கோங்கன்னு போட்டி விதியிலயே இருக்கு. அதனால இங்க ஃபிக்ஸ்டு போடலாம். பின் போடுறதா இருந்தா ஆக்சியலையும் சேர்த்து விட்டுடாதீங்க, நாலு ஓட்டையிலயும் ஆக்சியல் ஃப்ரீன்னா பிராக்கெட் போல்ட் வழியா மேல உருவிக்கிட்டுப் போயிடும்.

வித்தியாசம் கொல்லுற இடம் ஒத்தை பிவட் உள்ள பாகம். பைக் பிரேக் பெடலை எடுத்துக்குங்க. நடுவுல பிவட், ஒரு முனையில கால் மிதிக்குது, இன்னொரு முனை ராடைத் தள்ளுது. பிவட்ல ஃபிக்ஸ்டு போட்டீங்கன்னா, மிதியால வர்ற திருப்பத்தையெல்லாம் பிவட்டே வாங்கிக்கும். ராடு பக்கத்துக்கு விசையே போகாது. பிரிசர்வ் (சால்வர் தொடாம அப்படியே வைக்கணும்னு நாம குறிச்ச பகுதி) எல்லாம் இணைஞ்சாகணும்கிற கட்டாயத்துக்காக அந்தப் பக்கம் ஒரு மெல்லிசு நரம்பு மட்டும் போகும். பார்க்க அழகா, எடை கம்மியா, ரிசல்ட்ல பச்சையா இருக்கும். நிஜத்துல பிவட் சுத்திவிட்டுடும், மொத்த விசையும் அந்த நரம்புல ஏறும். பிவட்ல பின் போட்டு டேன்ஜென்ஷியலை விட்டு, ராடு முனையில ராடு தள்ளுற திசையை மட்டும் பூட்டினாத்தான் பெடல் பெடலா வரும்.

இப்ப அடி முகம். முழு முகத்தையும் ஃபிக்ஸ் பண்ணாதீங்க. நிஜத்துல அடி முகம் தரையில அழுந்தலாம், ஆனா தரை அதைப் பிடிச்சு இழுக்காது. ஃபிக்ஸ்டு முகம் ரெண்டும் செய்யும், பசை போட்டு ஒட்டின மாதிரி இழுவையையும் தாங்கும். அப்புறம் போல்டுக்கு வேலையே இல்லை. போல்டைச் சுத்தி இருக்கிற பொருளைத்தான் சால்வர் முதல்ல வழிச்செடுக்கும், உங்க பிராக்கெட் பிய்யப் போறதும் அதே இடத்துலதான்.

நான் போடுறது இப்படி: ஒவ்வொரு போல்டுக்கும் வாஷர் அளவுல ஒரு தடி வளையம் பிரிசர்வா. ஜிஇ கணக்குல நட் உட்காருற முகத்தோட வெளி விட்டம் 14.17 மி.மீ., உள் விட்டம் 10.29. அதைவிடக் கொஞ்சம் பெருசா வளையம் வெச்சு, ஓட்டையோட உள் முகத்தை மட்டும் ஃபிக்ஸ்டு. அடி முகம் சும்மா இருக்கட்டும். கீழே பொருள் இறங்காம இருக்க ஒரு பலகையை ஆப்ஸ்டக்கிளா (பொருள் வரக் கூடாத இடமா) வையுங்க.

#7 · மெஷ்மாமா

> ஓட்டையோட உள் முகத்தை மட்டும் ஃபிக்ஸ்டு. அடி முகம் சும்மா இருக்கட்டும்

கொக்கி சார், பாதி ஒத்துக்கிறேன். கிடை லோடுல பிராக்கெட் ஒரு பக்கமா கவுழப் பார்க்கும். அப்ப முன் விளிம்பு தரையில அழுந்தி, பின்னாடி போல்ட் ரெண்டும் இழுபடும். தரையோட அந்த அழுத்தத்தை நீங்க விட்டுட்டா முழுத் திருப்பமும் நாலு வளையத்துலயே விழும். தேவையில்லாம கனமாகும்.

#8 · கொக்கிக்கம்பி

கனமாகுறது ஆபத்தில்லாத பக்கம்தானே. ஒட்டி ஒட்டாம இருக்கிற தொடர்பை ஜெனரேட்டிவ் சால்வர் கணக்குல எடுக்காது, அது லீனியர் ஸ்டேட்டிக் (விசைக்கு நேர்விகிதமா வளையும்னு எடுத்துக்கிற) கணக்கு. அழுந்தும் ஆனா இழுக்காதுன்னு சொல்ல அங்க பட்டனே இல்லை. அதனால வடிவம் வந்தப்புறம் தனியா சிமுலேஷன்ல கான்டாக்ட், போல்ட் பிரீலோடு (இறுக்கும்போதே போல்ட்ல ஏறுற இழுவை) எல்லாம் போட்டு சோதிச்சு, அங்க செதுக்கிக்கலாம்.

#9 · மெஷ்மாமா

சரி, அந்த வரிசை எனக்கும் சம்மதம். இன்னொண்ணு: ஃபிக்ஸ்டு முகத்தோட விளிம்புல சிவப்பா ஒரு கோடு வரும். மெஷ்ஷை (கணக்குக்காகப் பாகத்தைப் பிரிச்ச சின்னத் துண்டுகளை) நுணுக்க நுணுக்க அந்த எண் ஏறிக்கிட்டே போகும், எங்கயும் நிக்காது. அது அசையாதுன்னு நாம சொன்ன பொய்யோட விலை. அதைப் பார்த்து பொருளைக் கூட்டிடாதீங்க. விளிம்புல இருந்து கொஞ்சம் தள்ளி என்ன ஸ்ட்ரெஸ்னு பாருங்க.

#10 · நட்டுபோல்ட்டு

பெரிய நன்றி அண்ணன்மாரே. கேஸை நாலாப் பிரிச்சுட்டேன், வளையமும் வெச்சுட்டேன். முறுக்குல மட்டும் குழப்பம். ரெண்டு காதோட ஓட்டை முகத்தையும் தேர்ந்து 565 நியூட்டன் மீட்டர் மொமென்ட் போட்டேன். காதுகள் ரெண்டும் அதது இடத்துல தனித்தனியா முறுக்கிக்குது. நிஜத்துல பின் ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சிருக்குமே?

#11 · திருகாணி

இதுவரைக்கும் படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இந்தக் கேள்விக்காக உள்ளே வர்றேன். நீங்க சந்தேகப்பட்டது சரி.

பின்னோட அச்சைச் சுத்தி முறுக்கினா பின் சும்மா சுழலும், காதுக்கு ஒண்ணும் போகாது. அதனால இந்த முறுக்கு பின்னுக்குக் குறுக்கான முறுக்குதான். விறைப்பான பின் அதை எப்படிக் கொண்டுபோகும்? ஒரு காதை முன்னாடி தள்ளும், இன்னொரு காதைப் பின்னாடி இழுக்கும். சம அளவு, எதிரெதிர் திசை. அதையே போடுங்க: மொமென்டை எடுத்துட்டு, ஒரு காதுல ஒரு விசை, மறு காதுல எதிர் விசை, ரெண்டும் ஒரே கேஸ்ல.

அளவு எளிது. உதாரணத்துக்குக் காதுகளோட நடு இடைவெளி 50 மி.மீ.ன்னா, 565ஐ 0.05ஆல வகுத்தா 11,300 நியூட்டன். உங்க மாடல்ல அளந்து போட்டுக்குங்க.

இழுவை லோடுகளுக்கு ஃபோர்ஸைவிட பியரிங் லோடு நல்லது. பின் ஓட்டையோட அரை வட்டத்தைத்தான் அழுத்துது. ஃபோர்ஸ் போட்டா மறுபக்க அரை வட்டத்தையும் சேர்த்து இழுக்கும், அங்க ஒண்ணும் ஒட்டிக்கிட்டு இல்லையே.

#12 · லேத்துப்பட்டறை

அலகைப் பாருங்க சாமி. 565 அடிச்ச பெட்டியில நியூட்டன் மில்லிமீட்டர்னு இருந்தா ஆயிரத்துல ஒரு பங்குதான் போயிருக்கு. முறுக்கு கேஸ்ல மட்டும் சேஃப்டி ஃபேக்டர் (பொருள் தாங்குற அளவு, வர்ற அளவைப்போல எத்தனை மடங்குங்கிற எண்) நூத்துக்கணக்குல காட்டுச்சுன்னா அதுதான்.

அதே மாதிரி ரெண்டு முகத்தைத் தேர்ந்து ஒரே விசை போட்டா, மொத்தத்தையும் ரெண்டும் பங்கு போட்டுக்கும். ‘ஃபோர்ஸ் பெர் என்டிட்டி’ல டிக் இருந்தா ஆளுக்கு ஒரு முழு விசை. 35.6 போட்டு 71.2 வாங்கிடாதீங்க.

#13 · நட்டுபோல்ட்டு

அலகு சரியாத்தான் இருக்கு, டிக்கும் இல்லை 🙏 சேஃப்டி ஃபேக்டர் தானா 2னு நிக்குது, அப்படியே விட்டுட்டேன். போட்டியில ஜெயிச்ச இந்தோனேசியாக்காரர் ஆரி குர்னியாவானோட பிராக்கெட் 327 கிராம், ஜிஇ வெச்சிருந்த பழைய பிராக்கெட் 2,033 கிராம்னு படிச்சேன். என்னோடது 327 பக்கம்கூட வரலை.

#14 · திருகாணி

2 வெச்சுக்கிட்டு 327ஓட ஒப்பிடுறது நியாயமில்லை. போட்டியில கேட்டது கொடுத்த லோடுல யீல்டு ஆகக் கூடாதுங்கிறது (நிரந்தரமா வளையக் கூடாது) மட்டும்தான், யீல்டு 131 கேஎஸ்ஐன்னு எடுத்துக்கச் சொன்னாங்க, அதாவது 903 மெகாபாஸ்கல். லைப்ரரியில இருக்கிற டைட்டானியத்துல அந்த எண் வேறயா இருந்தா காப்பி எடுத்து மாத்திக்குங்க. ஒப்பிடணும்னா ஃபேக்டரை 1 பக்கத்துல வையுங்க. நிஜமாவே செஞ்சு மாட்டப் போறீங்கன்னா அது வேற பேச்சு.

ஃபேக்டரை ரெண்டு இடத்துல சேர்க்கிறதை நிறைய ஆபீஸ்ல பார்த்திருக்கேன். லோடு கொடுக்கிற டீம் தன் பங்குக்கு 1.5 பெருக்கிக் கொடுக்கும், வாங்குறவர் 2 விட்டுடுவார், மொத்தம் 3. விமானத்துறையில இதுக்குத் தெளிவா ரெண்டு பேர் வெச்சிருக்காங்க. லிமிட் லோடுல நிரந்தரமா வளையக் கூடாது, அதோட 1.5 மடங்கான அல்டிமேட் லோடுல முறியக் கூடாது. கைக்கு வர்ற எண் இதுல எதுன்னு கேட்டுட்டுத்தான் பெட்டியில அடிக்கணும்.

குர்னியாவானோட எண் பேப்பர்ல மட்டும் இருந்ததில்லை. கடைசிச் சுற்றுக்கு வந்த பத்து வடிவத்தையும் ஜிஇ டைட்டானியத்துல லேசர் முறையில அச்சடிச்சு ஹைட்ராலிக் மெஷின்ல இழுத்துப் பார்த்தாங்க. இழுவையில ஒண்ணு மட்டும் உடைஞ்சுது, மத்ததெல்லாம் முறுக்குச் சோதனைக்குப் போச்சு. அந்தப் போட்டி நடந்தப்ப ஃப்யூஷன்ல இந்த வசதியே வரலை.

ஒப்பிட இன்னும் நல்ல இடம் இருக்கு. போட்டிக்கு வந்த வடிவங்கள்ல 381ஐ ஒழுங்குபடுத்தி, நாலு கேஸுக்கும் சிமுலேஷன் முடிவோட, 2021ல சிம்ஜெப்ங்கிற பேர்ல வெளியிட்டிருக்காங்க. உங்க வடிவம் அந்தக் கூட்டத்துல எங்க நிக்குதுன்னு பார்க்கலாம்.

#15 · டூவீலர்_டிசைன்

யாரும் இன்னும் தொடாத ஒண்ணு. நாலு லோடையும் திரும்பப் படிங்க. பின் நீளத்து வாக்குல, அதாவது பக்கவாட்டுல தள்ளுற விசை ஒண்ணுகூட இல்லை. முறுக்கு கேஸ் இல்லைன்னா காது ரெண்டும் பக்கவாட்டுல தகடு மாதிரி வந்திருக்கும். சால்வரைப் பொறுத்தவரை யாரும் கேட்காத பக்கத்துல இருக்கிற பொருள் தண்டம்.

பட்டறையில பாகம் கீழே விழும், ஸ்பேனர் இடிக்கும், யாராவது அதைப் பிடிச்சுத் தூக்குவாங்க. இதெல்லாம் எந்த டிராயிங்லயும் லோடா எழுதியிருக்காது. பழைய டிசைனர் 6 மி.மீ. தகடு போட்டாருன்னா அதுக்குள்ள இதெல்லாம் அவரே அறியாம அடங்கியிருந்தது. ஜெனரேட்டிவ்ல அந்த இலவசம் கிடையாது.

நான் எல்லா பாகத்துக்கும் பெரிய லோடுல பத்துல ஒரு பங்கை பக்கவாட்டு கேஸா சேர்ப்பேன். எந்த ஸ்டாண்டர்டும் சொன்னதில்லை, என் பழக்கம்.

#16 · கொக்கிக்கம்பி

பத்துல ஒண்ணுங்கிறது கையில பட்ட எண். 3.2 நியூட்டன் எடை உள்ள பாகத்துக்கு 4 கிலோநியூட்டன் பக்கவாட்டு லோடு எங்கிருந்து வரும்? எடை கூடத்தான் செய்யும்.

#17 · டூவீலர்_டிசைன்

பாகத்தோட எடையில இருந்து வராது சார், மாட்டுறவன் கையில இருந்து வரும். எஞ்சின் ஊசலாடினா பின் சரியா நேரா இழுக்கும்னு என்ன உத்தரவாதம்? சரி, 4 வேண்டாம், 2 வையுங்க. சுழியம் மட்டும் வைக்காதீங்க.

#18 · கொக்கிக்கம்பி

எஞ்சின் ஊசலாடும்கிறது நியாயம். அப்படிக் காரணம் சொல்லி வைக்கிற எண்ணுன்னா ஒத்துக்கிறேன். எல்லாத்துக்கும் பத்துல ஒண்ணுங்கிறதைத்தான் ஒத்துக்கலை.

(கிராவிட்டியை எதுக்குப் போடுறோம்னு கேட்கிறவங்களுக்கு: இங்க 3 நியூட்டன் எதிர் 35,000 நியூட்டன். இருந்தாலும் ஒண்ணுதான், இல்லைன்னாலும் ஒண்ணுதான்.)

#19 · லேத்துப்பட்டறை

ஆப்ஸ்டக்கிள் பத்தி ஒரு வார்த்தை. போல்ட் தலைக்கு மட்டும் இடம் விட்டாப் பத்தாது, சாக்கெட் மேலிருந்து இறங்கணும். ஒவ்வொரு போல்டுக்கும் மேல ஒரு நீள உருளை வையுங்க, சாக்கெட்டோட வெளி விட்டத்துக்கு. பின் உள்ளே போற பாதையில ஒரு உருளை. காதுகளுக்கு நடுவுல எதிர்ப்பாகம் வந்து உட்காருற இடம் ஒரு கட்டை. இதை விட்டா சால்வர் கரெக்டா ஸ்பேனர் போற வழியிலதான் கை நீட்டும். போட்டியில இன்னொரு விதி, பழைய பிராக்கெட் அடைச்ச இடத்துக்குள்ளயே புதுசும் இருக்கணும். சுத்தியும் ஆப்ஸ்டக்கிள் சுவர் வெச்சாத்தான் அது நடக்கும்.

#20 · நட்டுபோல்ட்டு

சுவர் வெச்சாச்சு. கடைசியா ஒண்ணு: லோடு தலைகீழாவும் வரலாம்னா, ஒவ்வொண்ணுக்கும் எதிர்த்திசைக்குத் தனி கேஸ் போட்டு எட்டு கேஸ் ஆக்கணுமா?

#21 · மெஷ்மாமா

வேண்டாம். லீனியர் கணக்குல விசையைத் தலைகீழாக்கினா ஸ்ட்ரெஸ்ஸோட குறிதான் மாறும், வான் மிசஸ் எண் (எல்லாத் திசை ஸ்ட்ரெஸ்ஸையும் ஒரே எண்ணாச் சொல்றது) அப்படியேதான் இருக்கும். அதே பதிலுக்கு ரெண்டு மடங்கு நேரம் காத்திருப்பீங்க. ரெண்டு விலக்கு. பியரிங் லோடு போட்டிருந்தா எதிர்த்திசையில ஓட்டையோட மறு அரை வட்டம் அழுந்தும், அது வேற லோடு, தனி கேஸ் வேணும். மெல்லிசு கால்கள் வந்திருந்தா இழுக்கும்போது தாங்குற கால் அழுத்தும்போது பக்லிங் ஆகும் (வளைஞ்சு மடங்கிடும்), அதைத் தனியா பாருங்க.

ஓட்டி முடிச்சதும் வடிவத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, அதை சிமுலேஷனுக்கு அனுப்பி ஒவ்வொரு கேஸ்லயும் போல்டுகளோட ரியாக்‌ஷன் விசையைக் கூட்டிப் பாருங்க. முதல் கேஸ்ல கீழ்நோக்கி 35.6 வரணும், முறுக்கு கேஸ்ல கூட்டல் சுழியம் வரணும். வரலைன்னா செட்டப்பை இங்க படமாப் போடுங்க, பார்ப்போம்.